தலையைப் பிடித்தது யார்

நியாபியெல் முட்டை வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். அட்டையைத் திறந்து, முட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த அட்டையை வாங்க மாட்டாள். கீழே இருப்பதை உருவி எடுப்பாள். மேலே இருப்பதைக் கடைக்காரன் ஏதோ காரணமாகத்தான் மேலே வைத்திருக்கிறானாம். பாலை முகர்ந்து பார்க்காமல் தேநீரில் ஊற்ற மாட்டாள். பனி பெய்கிறது என்று ரேடியோ சொன்னால் சன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வேதம் வாசிக்கும்போது இவள் தன் புத்தகத்தைத் திறந்து, அந்த மனிதர் ஒழுங்காக வாசிக்கிறாரா என்று விரலை வைத்துத் தொடர்ந்துகொண்டே வருவாள்.

அமெரிக்காவின் ஒமாஹாவில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். மாடியில் அவள், கீழே நான். வேலையும் ஒரே மாட்டிறைச்சி ஆலையில்தான். அவள் கத்தி பிடிக்கிறாள், நான் பெட்டி கட்டுகிறேன். அவளோடு இத்தனை காலம் பழகி எனக்கும் அந்த வியாதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அதை மறைப்பானேன்?

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. ஊரில் சண்டை வந்து எத்தியோப்பியப் பக்கம் ஓடிய நாளில், ஆற்றங்கரைக் கூட்டத்தில் தம்பி துவோத்தின் கையைத் தவறவிட்டாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும், அவன் சின்னப் பயல். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம் முகாமாகச் சுற்றி அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. “அக்கா, நான் துவோத் பேசறேன்” என்று நைரோபியிலிருந்து ஒருவன். அவனுக்காக வாரக்கணக்கில் அழுதாள். அவன் எங்கள் நூயெர் இனத்து ஆளே இல்லை என்று பிறகு தெரிந்தது. கார்ட்டூமிலிருந்து இன்னொருவன். மூன்றாவதாக வந்தவனிடம் அம்மா கறந்த பசுவின் நிறம் என்ன என்று கேட்டாள், அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் யாருக்காகவும் அவசரப்பட்டு அழுததில்லை.

நான்காவது துவோத் தொலைபேசியில் வரவில்லை. கனடாவின் அல்பர்ட்டாவிலிருந்து பேருந்து ஏறி, பெட்டியோடு நேராக வாசலில் வந்து நின்றான்.

வந்த நேரத்தைப் பாருங்கள். அவள் மகள் ரெபெக்காவுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்த மாதம். லிங்கன் நகரத்துப் பையன் மாத்யூ, நல்ல பையன்தான். ஆனால் எங்களில் தாய்மாமன் உட்காராமல், பெண்ணுக்கு எத்தனை மாடு தருவது என்கிற மாட்டுப் பேச்சு முடியாது. மாடுகள் என்னவோ ஊரில் நிற்கும், பேச்சு இங்கே நடக்கும். தாய்மாமனுக்கென்று தனிப் பங்கு உண்டு. அதுகூடப் பெரிதில்லை. கடைசியில் அவன் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, பெண்ணின் தலையில் ஊதித் தெளிக்க வேண்டும். அவன் மனம் கோணி அதைச் செய்தால் பெண்ணின் வயிறு திறக்காது என்று பயப்படாத தாய் எங்களில் கிடையாது. எவனோ ஒருவன் தாய்மாமன் வேஷம் போட்டு ஊதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. தம்பி தொலைந்தவள் என்பதால் நியாபியெல் தன் குலத்து அண்ணன் முறைக்காரர் ஒருவரை அந்த இடத்துக்குப் பேசி வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் இவன் முளைத்தான்.

நானும் அப்போது மாடியில்தான் இருந்தேன். கதவைத் திறந்ததும், உயரமான ஆள், நெற்றியில் எங்கள் ஆண்கள் கீறிக்கொள்ளும் கோடுகள், கண்ணெல்லாம் தண்ணீர். “அக்கா” என்று கையை விரித்தான். நியாபியெல் ஒரு காலை எடுத்து வைத்தாள். அவன் சிரித்தான். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கீழ்வரிசைப் பல் முழுக்க இருந்தது. வெள்ளை வெளேரென்று, வரிசை தப்பாமல்.

எங்கள் வயதுக்காரர்களுக்குக் கீழே முன்பல் இருக்காது. சின்ன வயதிலேயே தோண்டி எடுத்துவிடுவார்கள். அது இருந்தால் வாய் கழுதை வாய் மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரிக்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது, அவர்கள் எங்கள் வாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன செய்ய, காலம் அப்படி!

அன்றைக்கு அவன் நியாபியெல்லின் வீட்டுக்காரர் கூயெத்தோடு உட்கார்ந்து பரம்பரை சொன்னான். தாத்தா, அவர் அப்பா, அவர் அப்பா என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனான். அம்மா பசுவின் நிறம் வெள்ளையில் சாம்பல் புள்ளி என்றான், அதுவும் சரி. கூயெத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “மச்சான், இனி என் வீடு உன் வீடு” என்று கட்டிக்கொண்டார். கூயெத் நல்லவர், காற்றடைத்த பலூன் மாதிரி யார் இழுத்தாலும் அவர்கள் பக்கம் போவார்.

நியாபியெல் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“மார்த்தா, பல்லைப் பாத்தியா?”

“பாத்தேன். இங்க எத்தனை பேர் வச்சிருக்காங்க. நம்ம ஆலையிலயே ரெண்டு பேர் இருக்காங்களே. தாடையில திருகு போட்டுப் பதிச்சுட்டு வந்தாங்க.”

“அவங்கல்லாம் வேலைக்குப் போற எடத்துல சிரிக்கணும்னு வச்சாங்க. இவன் எதை மறைக்க வச்சிருக்கான்?”

“பரம்பரை சொன்னானேடி.”

“என் பரம்பரைய நீயும்தான் சொல்லுவே. நீ என் தம்பியா?”

உண்மைதான், எங்கள் ஆட்களுக்கு அடுத்த வீட்டுப் பரம்பரையும் மனப்பாடம். பசுவின் நிறத்தை முகாமில் யாரோ சொல்லியிருக்கலாம். கல்யாணச் செய்தியை ரெபெக்காவே படத்தோடு ஊருக்கெல்லாம் போட்டிருந்தாள். யோசிக்க யோசிக்க எனக்கும் அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

அடுத்து வந்த நாட்களில் நாங்கள் இருவரும் அவனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தோம். கவனிக்கக் கவனிக்கக் கோளாறுகள் வந்துகொண்டே இருந்தன. இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கி வலது பக்கமாகவே மென்றான். கூயெத் எலும்பை நீட்டினால் வேண்டாம் என்றான். எலும்பு வேண்டாம் என்கிற நூயெர் ஆளை நான் பார்த்ததே இல்லை. வாய்விட்டுச் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வான். சாப்பிட்டு முடித்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வான், வெகுநேரம் தண்ணீர் ஓடும்.

“உள்ள யார்கிட்டயோ போன்ல பேசறான். சத்தம் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து வச்சிருக்கான்” என்றாள் நியாபியெல்.

கதவில் காதை வைத்துக் கேட்டாள். அவன் சட்டென்று திறந்தான். இவள் கையில் இருந்த துணியால் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். “கதவெல்லாம் அழுக்கு” என்றாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ரெபெக்காவுக்கு மாமன் என்றால் உயிர். அவன் அவளுக்குக் கம்பளிக் குல்லா வாங்கி வந்திருந்தான், அதைக் கழற்றாமல் திரிந்தாள்.

“அம்மா, மாமா சிரிக்கும்போது ஒரு கண்ணு மட்டும் சுருங்குது. அப்படியே உன்னை மாதிரி.”

“இந்தக் குளிர்ல எல்லாருக்கும்தான் சுருங்கும்.”

“உனக்கு யாரையாவது புடிக்குமாம்மா?”

“உன்னைப் புடிக்கும். அதனாலதான் பாக்கறேன்.”

அது உண்மை. அவளுக்கு மாடு முக்கியமில்லை. ரெபெக்கா அவள் வயிற்றில் தங்கிய ஒரே பிள்ளை. முன்னும் பின்னும் தங்காமல் போனவை எத்தனை என்று எனக்குத் தெரியும். அந்தத் துன்பம் மகளுக்கு வரக் கூடாது, அவள் தலையில் தப்பான வாயிலிருந்து தண்ணீர் விழக் கூடாது. இந்த ஒரு பயம்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

பேச்சுக்கு முந்தின ஞாயிறு, மாத்யூவும் அவன் அண்ணன் தம்பிகளும் சாப்பிட வந்திருந்தார்கள். நான் சோள மாவு உருண்டைகளைப் பாலில் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஆண்கள் எல்லாரும் துவோத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நியாபியெல் தட்டு எடுப்பது போல வந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

“தம்பி, உனக்குப் பல் எடுத்தப்ப உன் தலையைப் பிடிச்சது யாரு?”

அவன் மாப்பிள்ளைப் பையனைப் பார்த்தான். கூயெத்தைப் பார்த்தான். பிறகு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“யாரும் பிடிக்கல. நானே அசையாம படுத்திருந்தேன்.”

“அப்படிச் சொல்லு மச்சான்!” என்று கூயெத் அவன் முதுகில் தட்டினார். பையன்கள் ஆகா என்றார்கள். நியாபியெல் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிடித்துவிட்டாள்!

மறுநாள் ஆலை வாசலில், காருக்குள் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லாத கதை.

அம்மா மீன்பிடிக் குடிசைக்குப் போயிருந்த நேரம். பல் எடுக்கிறவர் அடுத்த ஊரில் இருந்தார். தம்பியை இவள்தான் அழைத்துப் போனாள். அவன் தலையை இவள் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தாள். இரும்பு முள் ஈறில் இறங்கியதும் அவன் அலறினான். அழக் கூடாது, முனகக்கூடாது என்பார்கள். அழுத பையன் மேல் மற்றப் பையன்கள் பாட்டுக் கட்டிவிடுவார்கள். வாயைப் பொத்தப் போன இவள் கட்டைவிரலைக் கடித்தான். எலும்பு வரை கடித்தான். அவன் திமிறியதில் முள் வழுக்கிக் கடைசிப் பல் பாதியில் முறிந்தது. பல் எடுக்கிறவர் முள்ளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். ‘அழாத பிள்ளையா இருந்தா அடுத்த கோடையில கூட்டிட்டு வா’ என்று சொல்லிவிட்டார். அடுத்த கோடைக்கு முன்னால் சண்டை வந்துவிட்டது.

“வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் உதட்டை மூடிட்டு வரச் சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்த ஆளும் செத்துட்டார். இப்ப சொல்லு மார்த்தா, என் தம்பியா இருந்தா ‘யாரும் பிடிக்கல’ன்னு சொல்லுவானா? என் தொடையில அவன் கண்ணீர் இன்னும் காயலடி.”

“அந்த அரைப் பல் இருக்கான்னு பாத்தா முடிஞ்சுது. வாயைத் திறக்கச் சொல்லேன்.”

“எங்க இருக்கும்? அதுக்குத்தானே திருகு போட்டு வரிசை கட்டிட்டு வந்திருக்கான். இருந்த வாயை இடிச்சுப் புது வாய் கட்டிட்டான். இனிமே யார் பாக்கறது?”

கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலைக் காட்டினாள். ஆலையில் கத்தி பட்ட தழும்புகளுக்கு நடுவில் அது பிறை மாதிரித் தெரிந்தது. இத்தனை வருடம் அதையும் கத்தித் தழும்பு என்றே நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு பெண்ணை ஏமாற்ற இவனுக்கு எப்படி மனசு வந்தது என்று, அந்த ஆளை அப்போதே பேருந்தில் ஏற்றிவிடத் தோன்றியது.

பேச்சு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில். ஆண்கள் ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகளில், பெண்கள் தேநீர்ப் பானைகளோடு மறுபக்கம். மாப்பிள்ளையின் பெரியப்பா பிடோங் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். தொண்டையைச் செருமுவதற்கே அவருக்கு நேரம் பிடிக்கும்.

“பொண்ணோட தாய்மாமன் வந்திருக்காரா?”

துவோத் எழுந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். “வந்திருக்கேன் ஐயா.”

நியாபியெல் என் கையில் தேநீர்க் கோப்பையைத் திணித்துவிட்டு எழுந்தாள். எங்களில் பெண்கள் அந்த இடத்தில் பேசுவதில்லை. கூடத்தில் ஒரே முணுமுணுப்பு.

“உக்காரு” என்றார் கூயெத்.

“உக்கார மாட்டேன். இவன் என் தம்பி இல்ல. பெரியவங்களே, நீங்களே கேளுங்க. பல் எடுத்தப்ப யாரும் தலையைப் பிடிக்கலன்னு இவன் பத்துப் பேருக்கு முன்னால சொன்னான். என் தம்பி தலையை நான் பிடிச்சேன். அவன் ஊரே கேக்கற மாதிரிக் கத்தினான். கைகால் உதறினான். பல்லை முழுசா எடுக்கக்கூட விடல. இதோ, என் விரலைக் கடிச்ச தழும்பு. இவன் வீரன் கதை சொல்றான். என் தம்பி வீரன் இல்ல. அவன் பயந்தாங்கொள்ளி. அவனை எனக்குத் தெரியும்!”

மாப்பிள்ளையின் தம்பி ஒருவன் கொக்கரித்துச் சிரித்தான். யாரோ அவன் தொடையில் அடித்தார்கள். துவோத் அசையவில்லை.

“சொல்லி முடிச்சிட்டியா அக்கா?” என்றான்.

“நான் உனக்கு அக்கா இல்ல.”

அவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். கையை வாய்க்குள் விட்டான். கட்டைவிரலால் எதையோ நெம்பினான். மறுபடி திரும்பியபோது அவன் உள்ளங்கையில் அந்த வெள்ளை வரிசை முழுக்க இருந்தது. திருகும் இல்லை, ஒன்றும் இல்லை. கழற்றி மாட்டுகிற பல்செட்டு. ஒமாஹாவில் பல் வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் பதித்துக்கொண்டவர்கள்தானே. எங்களுக்கு வேறு விதம் உண்டென்று தோன்றவே இல்லை.

அவன் நேராக நியாபியெல்லின் முன்னால் வந்து குனிந்து வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்த நானும் பார்த்தேன். வெற்று ஈறு. ஓரத்தில், மஞ்சளாக, சாய்ந்து, பாதியில் முறிந்த ஒரு பல்.

“வீட்டுக்கு வர்ற வழியில நீதான் சொன்னே. ‘உதட்டை மூடிக்கோ, யார் கேட்டாலும் யாரும் பிடிக்கல, நானே அசையாம படுத்திருந்தேன்னு சொல்லு’ன்னு.” பல் இல்லாமல் அவன் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறியிருந்தது, காற்றுக் கலந்த பழைய பேச்சு. “முகாம்ல சொன்னேன். கனடாவுல சொன்னேன். கட்டினவகிட்டயும் அதையேதான் சொன்னேன். இந்தப் பல் வெளிய தெரியக் கூடாதுன்னுதான் இதை மாட்டிட்டுத் திரியறேன். நீ சொன்னதைத்தானே அக்கா சொன்னேன்?”

தான் சொல்லிக்கொடுத்த அந்தப் பதிலை நியாபியெல் மறந்தே போயிருந்தாள். கையை நீட்டினாள். பிறைத் தழும்பு இருந்த அந்தக் கையைத்தான். அவன் அதைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

“தனியாக் கேட்டிருந்தா வாயைத் திறந்து காட்டியிருப்பேனே. இத்தனை பேர் முன்னாலயா?” என்றான்.

பிடோங் கோலைத் தட்டினார். “சிரிச்ச பயல் வெளிய போ. அழுதது ஒரு குழந்தை. இங்க நிக்கறது தாய்மாமன். பேச்சைத் தொடங்குவோம்” என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன? சொன்ன சொல் சொன்னதுதான். லிங்கன் நகரத்துக்காரர்கள் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஒரே வாரத்துக்குள் அவன் இருக்கும் அல்பர்ட்டாவில், கால்கரியிலும் தெரிந்துவிடும்.

பேச்சு நடந்தது, முடிந்தது. கடைசியில் ரெபெக்கா அழுத கண்ணோடு மாமன் முன்னால் மண்டியிட்டாள். துவோத் தண்ணீரை வாயில் எடுத்தான். ஊதினான். அந்தச் சாய்ந்த பல்லில் பட்டுத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சிதறியது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. “உன் வயிறு நிறையட்டும்மா” என்று சொல்லி அவள் தலையைத் தடவினான். கை நடுங்கவில்லை, குரலும் கோணவில்லை. நான் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, மறுநாள் காலைப் பேருந்தில் அல்பர்ட்டா போய்விட்டான்.

நியாபியெல் முழுதாக அழுதது அந்தப் பேருந்து நிலையத்தில்தான். எத்தனையோ வருடத்து அழுகை. ஆற்றங்கரையில் கை நழுவியதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அவளைக் காரில் வைத்துக் கூட்டி வந்தேன்.

இப்போது துவோத் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறான். ஆலை எப்படி இருக்கிறது, குளிர் எப்படி, கூயெத் மச்சான் முட்டி வலி எப்படி என்று எல்லாம் விசாரிக்கிறான். அவள் ஒவ்வொரு முறையும், “என்மேல கோவமா தம்பி?” என்கிறாள். அவன் ஒவ்வொரு முறையும், “கோவம் எல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்கிறான். ரெபெக்காவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இன்னும் ஒன்றும் தங்கவில்லை. மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். மருத்துவர் சொன்னதை இவள் எங்கே நம்பினாள்?

போன ஞாயிறும் பேசி முடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“மார்த்தா, கோவம் இல்லங்கறானே. நிஜமாத்தான் சொல்றானா?”

“நிஜமாத்தான்டி. நம்பு.”

“வாயை மூடிக்கன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்” என்றாள். “இனி நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

நான் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கோப்பையை எடுத்தாள், பாலை முகர்ந்து பார்க்காமலே குடித்தாள்.